போர்டு கேம் விருதுகள்: கீழக்கரையிலிருந்து தொண்டி வரை எல்லோரும் கேட்கிற கேள்விகள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், தொண்டி என்று இந்தக் கடற்கரை நெடுக சிதறிக் கிடக்கிற சில பேர், நேரம் கிடைக்கிற சாயங்காலங்களில் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடி போர்டு கேம் ஆடுகிறோம். போய் எடுத்துப் பார்த்து வாங்க இங்கே கடை கிடையாது. பெட்டிகள் வருவது துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து ஊருக்கு வருகிற சொந்தக்காரர்களின் சூட்கேஸில், இல்லாவிட்டால் ஆன்லைனில். அதனால் மூடியில் அச்சடித்திருக்கிற விருது முத்திரையைப் பார்த்துத்தான் பாதி முடிவு எடுக்கிறோம். அந்த முத்திரை யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, நம்பலாமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

விருது என்றால் போட்டியில் ஜெயித்தவருக்குக் கொடுப்பதுதானே?

இல்லை. நம் பக்கம் இந்த மாதிரி ஆட்டத்துக்குப் பரிசு என்றால் கேரம் போட்டிக் கோப்பைதான் ஞாபகத்துக்கு வரும். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் கேரமில் உலக சாம்பியனாகி 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது வாங்கினார், அது ஆட்டக்காரருக்குக் கிடைத்த மரியாதை. இங்கே பேசப்போகிற விருதுகள் ஆட்டத்துக்குக் கிடைப்பவை, அதாவது அதை யோசித்து உருவாக்கியவருக்கும் வெளியிட்ட நிறுவனத்துக்கும். சினிமாவில் படத்துக்கு விருது கொடுப்பது போல.

சிவப்புக் காய் படம் போட்ட முத்திரை எதனுடையது? எல்லாரும் அதையே ஏன் பெரிதாகச் சொல்கிறார்கள்?

அது ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்', ஆண்டின் சிறந்த ஆட்டம். 1978இல் ஜெர்மன் மொழியில் ஆட்டங்களைப் பற்றி விமர்சனம் எழுதுகிறவர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்தது, முதல் விருது 1979இல். ஆமையும் முயலும் பந்தயம் ஓடுகிற, கேரட்டைச் செலவழித்து நகர வேண்டிய, டேவிட் பார்லெட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய ஆட்டம் ஒன்று அந்த முதல் விருதை வாங்கியது.

பெரிதாகச் சொல்ல இரண்டு காரணம் உண்டு. முதலாவது, நடுவர்கள் விமர்சகர்கள், ஆட்டம் விற்கிற கம்பெனிக்காரர்கள் அல்ல. ஆட்டத்தின் யோசனை புதிதா, விதிப்புத்தகம் புரிகிறதா, பலகையும் காய்களும் கையாள வசதியா, பார்க்க நன்றாயிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். விதிப்புத்தகத்தையும் கணக்கில் எடுப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஏனென்றால் இங்கே விதி சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, அந்தப் புத்தகம்தான் வாத்தியார். இரண்டாவது, ரொக்கப் பரிசு ஒரு பைசா இல்லாவிட்டாலும் அந்த முத்திரை விழுந்தால் ஜெர்மன் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு அதையே வாங்கும், விற்பனை லட்சக்கணக்கில் போகும். முத்திரையைப் பெட்டியில் போட கம்பெனிகள் கட்டணம் கட்ட வேண்டும், அந்தக் காசில்தான் விருது அமைப்பே நடக்கிறது. "அப்போ காசு வாங்கிட்டு முத்திரை கொடுக்கிறான்னு சொல்லு" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டார். கட்டணம் விருது கிடைத்த பிறகு வருவது, யாருக்குக் கொடுப்பது என்று முடிவாகும் வரை அதற்கு வேலையில்லை.

1995இல் கிளாஸ் டொய்பரின் கட்டான் இந்த விருதை வாங்கிய பிறகுதான் ஜெர்மன் பாணி ஆட்டங்கள் உலகம் முழுக்கப் போயின. டொய்பர் மொத்தம் 4 தடவை வாங்கியிருக்கிறார். வோல்ஃப்காங் கிராமர் அதையும் தாண்டி 5 தடவை.

கருஞ்சாம்பல் நிறத்திலும் நீலத்திலும் அதே முத்திரை இருக்கிறதே?

சிவப்பு குடும்பத்துக்கு. நீலம் சின்னப் பிள்ளைகளுக்கு, 2001இலிருந்து. கருஞ்சாம்பல் ஏற்கெனவே நாலைந்து ஆட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு, 2011இலிருந்து. முதல் கருஞ்சாம்பல் 'செவன் ஒண்டர்ஸ்' என்ற சீட்டு ஆட்டத்துக்குப் போனது.

இந்த நிறத்தைக் கவனிக்காமல் வாங்குவதால் வருகிற வம்பு கொஞ்சநஞ்சமில்லை. லீவுக்கு வந்த பிள்ளைகளை உட்காரவைத்து கருஞ்சாம்பல் பெட்டியைத் திறந்தால் விதி சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். நீல முத்திரையைப் பெரியவர்கள் ஒதுக்கவும் வேண்டாம். 2017இல் நீலம் வாங்கிய 'ஐஸ்கூல்' ஆட்டத்தில் பெட்டிகளே பள்ளிக்கூட அறைகளாக விரியும், பென்குயின் பொம்மையை விரலால் சுண்டி வாசல் வழியாக அனுப்ப வேண்டும். கேரம் ஆடிப் பழகிய கை உள்ளவர்கள் ஒரு ரவுண்டிலேயே வளைத்து அடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

எப்போது அறிவிப்பார்கள்?

மூன்று மூன்று ஆட்டமாக இறுதிப் பட்டியல் பெரும்பாலும் மே, ஜூனில் வரும். நமக்கு ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிற நேரம், எங்கள் கூட்டத்தில் படகுக்காரர்கள் வீட்டுப் பையன்கள் இருப்பதால் அப்போதுதான் ஆட்டமும் அதிகம், "எது ஜெயிக்கும்" என்ற வாய்ச்சண்டையும் அதிகம். சிவப்பு யாருக்கு என்பது வழக்கமாக ஜூலையில் தெரியும். 2024இல் 'ஸ்கை டீம்', 2025இல் 'பாம் பஸ்டர்ஸ்'.

2011இல் சிவப்பு முத்திரை வாங்கிய ஆட்டம் 2006இலேயே வந்துவிட்டது என்கிறார்களே, எப்படி?

குவர்க்கிள்தானே. அது அமெரிக்காவில் முதலில் வந்தது. நடுவர்கள் பார்ப்பது ஜெர்மன் மொழிப் பதிப்பு கடைக்கு வந்த காலத்தை. டிக்ஸிட்டும் அப்படித்தான், 2008இல் பிரான்ஸில் வந்து 2010இல் விருது வாங்கியது. ஆகவே விருது ஆண்டை வைத்து ஆட்டத்தின் வயதைக் கணக்குப் போடாதீர்கள்.

இதைவிடப் பழைய விருது உண்டா?

உண்டு. அமெரிக்காவில் 1975இல் பால்டிமோர் நகரத்தில் 'ஆரிஜின்ஸ்' என்ற ஆட்டத் திருவிழா ஆரம்பித்தது. அவலான் ஹில் என்ற போர் ஆட்டக் கம்பெனி பிறந்த ஊர் அது. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய சார்லஸ் ராபர்ட்ஸ் பெயரில் முதல் வருஷமே விருது கொடுத்தார்கள். அப்புறம் சின்னப் பொம்மைகளை வைத்து ஆடுகிற மினியேச்சருக்கும், ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடுகிற ரோல்பிளேயிங்குக்கும் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பெயரில் சேர்த்தார்கள். 1987ஆம் ஆண்டு விருதுகளிலிருந்து ராபர்ட்ஸ் விருது தனியாகப் பிரிந்து போர் ஆட்டங்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது, மீதி ஆரிஜின்ஸ் விருது என்றே நிலைத்தது. திருவிழா இப்போது ஒஹாயோவின் கொலம்பஸில் நடக்கிறது, விருதுச் சிலை கிரேக்கக் கலைத் தேவதை கல்லியோபியின் உருவம்.

போர்டு, சீட்டு, ரோல்பிளேயிங், மினியேச்சர் என்று மேசை மேல் ஆடுகிற எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் பார்ப்பது இதன் பலம். துறைக்காரர்களின் அமைப்பே நடத்துவதால் உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் தட்டிக்கொடுக்கிற வாசனை கொஞ்சம் அடிக்கும், அது என் அபிப்பிராயம்.

ரோல்பிளேயிங் என்றால் என்ன? அதற்கெல்லாமா விருது?

பலகையே தேவையில்லாத ஆட்டம். ஒருவர் சூழ்நிலையைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள், செய்ய முடிந்ததா என்பதைப் பகடை சொல்லும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கெல்லாம் முன்னோடி. கதை நடத்துகிறவரின் வேலையை ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்வது சுலபம்: வள்ளி திருமண நாடகத்தில் நாரதர் வந்து நாலு பேரை மூட்டிவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பாரே, அதேதான்.

இந்த வகைக்குப் பெரிய விருது 'என்னீஸ்'. 2001இல் ஆரம்பித்தது, ஜென் கான் என்ற பெரிய திருவிழாவில், இப்போது இண்டியானாபொலிஸில், ஆகஸ்ட் வாக்கில் கொடுக்கிறார்கள். முறை சுவாரசியமானது. 5 நடுவர்கள், அவர்களையே ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெளியீட்டாளர்கள் அனுப்புகிற புத்தகங்களை நடுவர்கள் படித்துச் சுருக்கிப் பட்டியல் போடுவார்கள், பிறகு யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஓட்டுப் போடலாம், தங்கம் வெள்ளி என்று இரண்டு இடம். வரைபடம், ஓவியம், இலவச வெளியீடு என்று சின்னச் சின்னப் பிரிவுகளும் உண்டு. ஓட்டில் ரசிகர் கூட்டம் பெரிதாயிருக்கிற கம்பெனிக்குச் சாதகம் இருக்கத்தான் செய்யும். அதனால் நான் ஜெயித்தவரைவிட நடுவர்கள் போட்ட பட்டியலைத்தான் பார்ப்பேன், புதுப் பெயர்கள் அங்கேதான் தட்டுப்படும். இலவச வெளியீட்டுப் பட்டியல் நம்மைப் போல ஷிப்பிங் கட்ட யோசிக்கிறவர்களுக்கு வரம், இறக்கி அச்செடுத்தால் போதும்.

மினியேச்சர் பொம்மைகளுக்குத் தனி விருது இருக்கிறதா?

ஆட்ட விதிகளுக்கு என்றால் ஆரிஜின்ஸில் இடம் உண்டு. பொம்மைக்கு வண்ணம் தீட்டும் திறமைக்கு என்றால் 'கோல்டன் டீமன்', கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி 1987இலிருந்து நடத்துவது. எல்லாரையும் மிஞ்சியவருக்கு ஒரு நிஜ வாளைக் கொடுப்பார்கள். அந்தக் கம்பெனி பொம்மையைத்தான் தீட்ட வேண்டும் என்பதால் விளம்பரமும் கலந்ததுதான். இங்கே மினியேச்சர் ஆடுகிறவர்கள் ரொம்பக் குறைவு, விலை அப்படி.

டயானா ஜோன்ஸ் விருது பற்றிச் சொன்னால் சிரிக்கிறார்களே?

கதையே அப்படி. இண்டியானா ஜோன்ஸ் படங்களை வைத்து 1984இல் டிஎஸ்ஆர் கம்பெனி ஒரு ரோல்பிளேயிங் ஆட்டம் போட்டது, எடுபடவில்லை, உரிமம் முடிந்ததும் விற்காத பிரதிகளை அழித்தார்கள். எரிந்து மிஞ்சிய துண்டுகளை அங்கே வேலை பார்த்தவர்கள் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பிரமிடுக்குள் அடைத்துவைத்தார்கள். பெயரின் முன்பகுதி போய் 'டயானா ஜோன்ஸ்' மட்டும் தெரிந்தது. அந்தப் பிரமிடுதான் 2001இலிருந்து விருதுக் கோப்பை. தேர்வுக் குழுவில் பெரும்பாலானவர்கள் யார் என்று வெளியே தெரியாது. ஆட்டத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, மனிதருக்கோ அமைப்புக்கோகூடக் கொடுப்பார்கள். பெட்டி வாங்க இது உதவாது, ஆனால் விருதுகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) வருகிறார். விருது வாங்கினதில் எதைக் கொண்டுவரச் சொல்லட்டும்?

அதிகம் வருகிற கேள்வி இது. நடுவர்கள் ஐரோப்பிய வீட்டு மேசையை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சூட்கேஸ் எடை, இங்கிலீஷ் படிக்காத பாட்டி, கரண்ட் போகிற சாயங்காலம், ஒரே பெட்டி நாலு ஊர் சுற்ற வேண்டிய நிலைமை எதுவும் அவர்கள் கணக்கில் இல்லை. அதை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் எல்லா வயதும் உட்காருவார்கள் என்றால் டிக்ஸிட் சொல்லுங்கள். சீட்டில் எழுத்தே கிடையாது, கனவு மாதிரிப் படங்கள். ஒருவர் தன் படத்துக்கு ஒரு குறிப்பு சொல்ல, மற்றவர்கள் அது எந்தப் படம் என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் கண்டுபிடித்தாலும் சொன்னவருக்குப் புள்ளி இல்லை, ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டாலும் இல்லை. குறிப்பாகப் பழமொழி சொல்லலாம், பாட்டு வரி பாடலாம். இதில் பெரியம்மாக்களை ஜெயிப்பது கஷ்டம்.

அசூல், 2018. ஓடு பதிக்கிற ஆட்டம், படிக்க எதுவும் இல்லை, ஓடுகள் வழவழவென்று கெட்டியாக இருப்பதால் உப்புக் காற்று ஒன்றும் செய்யாது. பெட்டி கனம், அதைக் காக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடை ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்றால் ஹனாபி, 2013, சட்டைப்பை அளவு. உங்கள் சீட்டு உங்களுக்குத் தெரியாது, மற்றவர்களைப் பார்த்தபடி பிடிக்க வேண்டும், எல்லாரும் சேர்ந்து ஜெயிக்கவோ தோற்கவோ வேண்டும்.

'கோட்நேம்ஸ்' 2016, 'ஜஸ்ட் ஒன்' 2019. இரண்டும் வார்த்தை ஆட்டம், ஆங்கிலச் சீட்டு. பயப்பட வேண்டாம், துண்டுக் காகிதத்தில் தமிழ் வார்த்தைகளை எழுதிப்போட்டு ஆடலாம், நாங்கள் அப்படித்தான் ஆடுகிறோம், வார்த்தைப் பட்டியலில் வலை, வஞ்சிரம், தொதல், பாம்பன், கலங்கரை விளக்கம் எல்லாம் இருக்கும்போது ஆட்டத்துக்கு வருகிற சூடே வேறு. 'டிக்கெட் டு ரைட்' 2004 ரயில் பாதை போடும் ஆட்டம், ஊர்ப் பெயர் படிக்கத் தெரிந்தால் போதும், 2011இல் இந்திய வரைபடம்கூடத் தனித் தொகுப்பாக வந்தது.

கொண்டுவரச் சொல்லக் கூடாதது? 2017இல் கருஞ்சாம்பல் வாங்கிய 'எக்ஸிட்' வரிசை. ஆட்டம் அருமைதான், ஆனால் வெட்டி மடித்துக் கிறுக்கி ஆட வேண்டும், ஒரு தடவையோடு பெட்டி குப்பைக்குப் போகும். அவ்வளவு தூரம் சுமந்து வந்து இரண்டு மணி நேரத்தில் முடிப்பதா? 'மைக்ரோமேக்ரோ' 2021, பெரிய நகரப் படத்தில் குற்றவாளியைத் தேடுவது, ஒருமுறை தீர்த்தவருக்குத் திரும்ப ஆட ஒன்றும் இல்லை, ஆனால் கிழிக்க வேண்டியதில்லை என்பதால் அடுத்த ஊருக்குக் கைமாற்றலாம். நல்ல வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான்.

கொஞ்சம் பழகியவர்களுக்கு 2019இல் கருஞ்சாம்பல் வாங்கிய 'விங்ஸ்பேன்', பறவைகளை வைத்து எலிசபெத் ஹார்கிரேவ் செய்தது. தனுஷ்கோடியில் பூநாரை பார்க்கப் போகிறவர்களுக்கு இது ஒட்டிக்கொள்ளும், 2022இல் ஆசியப் பறவைகளின் தொகுப்பும் வந்தது. 2025இல் கருஞ்சாம்பல் வாங்கிய 'எண்டெவர்: டீப் சீ' கடல் ஆராய்ச்சி பற்றியது, மன்னார் வளைகுடாவை வாசலில் வைத்திருக்கிற நம் ஆட்களுக்கு ஆசை வருவது நியாயம், ஆனால் முதல் பெட்டியாக வேண்டாம்.

வீட்டில் பெரியவர்கள் பகடையும் சீட்டும் கூடாது என்கிறார்கள். என்ன செய்வது?

வாதாடாதீர்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் பகடையை மார்க்கக் காரணத்துக்காகவே தவிர்க்கிற குடும்பங்கள் உண்டு. மற்ற ஊர்களிலும் சீட்டு என்றால் காசு வைத்து ஆடுவது என்றுதான் நினைப்பார்கள், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. பகடையே இல்லாத விருது ஆட்டங்கள் ஏராளம்: அசூல், குவர்க்கிள், கார்கசான், கிங்டோமினோ. இவற்றில் கைவிசிறி மாதிரிப் பிடிக்கிற சீட்டுக்கட்டும் கிடையாது. கட்டான், ஸ்கை டீம் இரண்டிலும் பகடை உண்டு, தெரிந்து வாங்குங்கள்.

நடுவர் விருதா, ரசிகர் ஓட்டா, எதை நம்புவது?

நாலு பேர் வீட்டில் முதல் தடவை ஆட என்றால் நடுவர். ஓட்டுப் போடுகிறவர்கள் இதிலேயே ஊறியவர்கள், அவர்கள் ரசனை கனமான ஆட்டங்கள் பக்கம் சாயும். 1990இலிருந்து நடக்கிற ஜெர்மனியின் 'டாய்ச்சர் ஷ்பீலெப்ரைஸ்', போர்டுகேம்கீக் தளத்தின் 'கோல்டன் கீக்' இரண்டும் ஓட்டு வகை, உங்களுக்கு ஏற்கெனவே பத்துப் பதினைந்து ஆட்டம் கைவசம் என்றால் அங்கே போங்கள்.

பல்லாங்குழிக்கும் ஆடுபுலிக்கும் ஏன் ஒரு விருதும் இல்லை?

கோபம் புரிகிறது. கீழடியில் தோண்டினால் சுடுமண் ஆட்டக்காயும் பகடையும் கிடைக்கிற நாடு இது. ஆனால் இந்த விருதுகள் அந்தந்த ஆண்டுப் புது வெளியீடுகளுக்கு, விண்ணப்பிக்க ஒரு வெளியீட்டாளர், பெயர் போட ஒரு உருவாக்குநர் வேண்டும். பல்லாங்குழிக்கு யார் பெயரைப் போடுவது? சென்னையில் 'க்ரீடா' 2002 முதல் நம் பழைய ஆட்டங்களைப் பெட்டியாக்கி விற்கிறது. விருதைவிட அந்த வேலைதான் தேவை என்று நினைக்கிறேன், ராமேஸ்வரம் கடைகளில் சோழி குவிந்து கிடக்கிறது, அதை வைத்து ஆடத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்?

பாம்பனை வைத்து நானே ஒரு ஆட்டம் செய்திருக்கிறேன். அனுப்பலாமா?

சிவப்பு முத்திரைக்கு முடியாது, ஜெர்மன் சந்தையில் விற்பனைக்கு வந்திருக்க வேண்டும். ரோல்பிளேயிங் என்றால் வழி சுலபம், பிடிஎஃப் ஆக வெளியிட்டாலும் என்னீஸுக்கு அனுப்பலாம். இன்னும் வெளியிடாத போர்டு கேமுக்கு அமெரிக்காவில் 'கார்ட்போர்டு எடிசன்' விருது இருக்கிறது, விதிப்புத்தகமும் ஒரு சின்ன வீடியோவும் முதலில் போதும். ஆங்கிலத்தில் விதி எழுதுவதுதான் உண்மையான வேலை. எழுதிவிட்டு, உங்களைத் தெரியாத யாரிடமாவது கொடுத்து நீங்கள் வாயே திறக்காமல் அவர்களை ஆடவிட்டுப் பாருங்கள், எங்கள் மாடிக்கும் கொண்டுவாருங்கள்.

ஆன்லைனில் விருது முத்திரையோடு பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

போலி. அசூல், கோட்நேம்ஸ், டிக்ஸிட் எல்லாவற்றுக்கும் போலி சுற்றுகிறது, முத்திரையையும் சேர்த்தே அச்சடிக்கிறார்கள். நிறம் மங்கல், சீட்டின் பின்பக்கம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, ஹனாபி மாதிரி ஆட்டத்தில் அது ஆட்டத்தையே கெடுக்கும்.

உப்புக் காற்றில் சீட்டெல்லாம் வளைந்துபோகிறது. அதற்கு?

சீட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள், பெட்டியை அப்படியே பீரோவில் வைக்காமல் மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள், மருந்துப் பாட்டிலில் வருகிற சிலிக்கா பொட்டலங்களைத் தூக்கிப்போடாமல் உள்ளே போடுங்கள். மாடியில் ஆடினால் கடல்காற்று எழும் நேரத்துக்கு முன்னால் சீட்டாட்டத்தை முடித்துவிட்டு அசூல், குவர்க்கிள் பக்கம் போய்விடுவது எங்கள் வழக்கம். ஏற்கெனவே வளைந்த சீட்டை வெயிலில் காயவைக்காதீர்கள், எதிர்ப்பக்கம் வளையும். கனமான புத்தகத்துக்கு அடியில் ஓரிரு நாள் வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.